எல்லை தாண்டிய பலாக்கிளை: கத்திக்கு முன் கடிதம்

கேள்வி:

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருபத்தாறு வருடங்களாகச் சொந்த வீட்டில் வசிக்கிறேன். பின்மதிலுக்கு அப்பாலுள்ள வளவில் பெரிய பலாமரம் ஒன்று நிற்கிறது. அதன் பருத்த கிளைகள் இரண்டு எங்கள் சமையலறைக் கூரைக்கு மேலாக நீண்டிருக்கின்றன. சென்ற மாதம் காயொன்று விழுந்து அஸ்பெஸ்டஸ் கூரைத்தகடுகள் இரண்டு உடைந்துவிட்டன. நல்லவேளையாக அந்நேரம் அடுப்படியில் ஒருவரும் இருக்கவில்லை. கூரையின் மழைநீர்ப் பீலி முழுவதும் சருகு நிறைந்திருக்கிறது. மதிலிலும் வெடிப்பு விழுந்திருக்கிறது. அந்த வீட்டுப் பெரியவர் இருந்த காலத்தில், எங்கள் பக்கம் தொங்கும் காய்களை எங்களையே பறித்துக்கொள்ளச் சொல்வார். அவர் காலமான பின்னர் மகன், "மரத்தில் கை வைத்தால் பொலிசுக்குப் போவேன்" என்கிறார். யாழ்ப்பாணத்திலிருக்கும் என் தமையனார், யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமாகிய தேசவழமைப்படி பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். எங்கள் பக்கத்துக் கிளைகளை நாங்களே வெட்டலாமா? உடைந்த கூரைக்கு நட்டஈடு கேட்கலாமா? இனி அந்தக் காய்கள் யாருக்குச் சேரும்?

பதில்:

மதிப்புக்குரிய அம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை முதலில் நிறுத்தியது மகனுடைய மிரட்டல் அல்ல. இவ்வளவு நடந்த பிறகும் இரு வீட்டாருக்கும் இடையில் எழுத்தில் ஒரு வரிகூட இல்லை என்பதே என்னை யோசிக்க வைத்தது. கிளை நீண்டதும், காய் விழுந்ததும், மதில் வெடித்ததும் மதிலுக்கு மேலால் பேசிய பேச்சோடு நின்றுவிட்டன. இவ்வகைப் பிணக்குகளில் உங்கள் உரிமையின் பெரும்பகுதி ஒரு கடிதத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை ஒவ்வொரு கேள்வியாக எடுத்து விளக்குகிறேன்.

தமையனாரின் யோசனையை முதலில் தீர்த்துக்கொள்வோம். ஒல்லாந்தர் காலத்தில், 1707ஆம் ஆண்டு ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தளித்த தேசவழமையில் அயலவரின் காணிக்கு மேலே சாயும் மரத்தைப் பற்றிய பேச்சு இருப்பது உண்மை. பாடுபட்டு நட்டு வளர்த்த பயன்தரு மரத்தின் கிளை அடுத்தவர் நிலத்துக்கு மேலே வளைந்து வந்தாலும் பழம் நட்டவருக்கே உரியது என்பது அங்குள்ள பொது நிலைப்பாடு. அதாவது, தேசவழமையையே எடுத்துக்கொண்டாலும் அது இவ்விடத்தில் உங்களுக்குச் சாதகமாகப் பேசவில்லை. அதை நாம் எடுத்துக்கொள்ளவும் முடியாது. நீங்கள் தேசவழமைக்கு உட்பட்டவராக இருக்கலாம். அது உங்கள் திருமணச் சொத்து, வாரிசுரிமை போன்றவற்றில் பேசும். ஆனால் வெள்ளவத்தையில் இருக்கும் இரண்டு காணிகளுக்கு இடையிலான எல்லைப் பிணக்கை இலங்கையின் பொதுச் சட்டமாகிய ரோம-ஒல்லாந்தச் சட்டமே தீர்க்கும். அடுத்த வீட்டார் எந்த இனத்தவர், எந்த மதத்தவர் என்பதும் இதில் ஒரு பொருட்டல்ல.

அந்தச் சட்டத்தின் அடிப்படை எளிமையானது. மரம் எந்த நிலத்தில் வேரூன்றி நிற்கிறதோ, அந்த நிலத்தின் உரிமையாளருக்கே மரம் சொந்தம். கிளை எவ்வளவு தூரம் நீண்டாலும் அது அவருடைய மரத்தின் கிளைதான். அதேவேளை, உங்கள் காணியின் உரிமை தரையோடு முடிவதில்லை. அதற்கு மேலுள்ள வெளியும் உங்களுடையது. அயலவரின் கிளை அனுமதியின்றி அந்த வெளியில் நிற்கும்போது, அதை அகற்றும்படி கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. இது மிகப் பழைய உரிமை. ரோமர்களின் பன்னிரு பலகைச் சட்டத்திலேயே, அயல் நிலத்துக்கு மேலே படரும் கிளைகளைப் பதினைந்து அடி உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும் என்ற விதி இருந்தது. நிலத்துக்கு வெயில் வேண்டும் என்பதே அதன் நோக்கம். கட்டடத்துக்கு மேலே சாய்ந்த மரத்துக்கு இதைவிடக் கடுமையான விதி பின்னாளில் வந்தது. உரிமையாளர் மறுத்தால் அயலவரே வெட்டிக்கொள்ளலாம் என்றும் அது சொன்னது. உங்கள் கிளைகள் நிற்பது வெறும் முற்றத்துக்கு மேலே அல்ல, ஆட்கள் நின்று சமைக்கும் கூரைக்கு மேலே என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே, "எங்கள் பக்கத்துக் கிளைகளை நாங்களே வெட்டலாமா" என்ற கேள்விக்கு ரோம-ஒல்லாந்தச் சட்டம் தரும் விடை இது: முதலில் உரிமையாளருக்கு அறிவித்து, அகற்றும்படி கேட்க வேண்டும், நியாயமான காலம் கொடுக்க வேண்டும், அதன் பின்னும் அவர் அகற்றாவிட்டால், எல்லைக்கோடு வரை, அதற்கு ஒரு விரற்கடை கூட அப்பால் போகாமல், நீங்கள் வெட்டிக்கொள்ளலாம். இதே சட்ட மரபைப் பின்பற்றும் தென்னாபிரிக்காவின் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சேரெஸ் நகரசபைக்கு எதிரான 1951ஆம் ஆண்டு வழக்கில் கிளையையும் வேரையும் பற்றி ஏறக்குறைய இவ்வாறே சொல்லியிருக்கிறது. தென்னாபிரிக்கத் தீர்ப்புகள் எமது நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்துவதில்லை என்றாலும், இத்தகைய விடயங்களில் எடுத்துக்காட்டப்படுவதுண்டு.

சட்டம் இடம் தருகிறது என்பதற்காக நாளைக்கே ஆளைக் கூப்பிட்டுவிடாதீர்கள். அதற்கு முன் கவனிக்க வேண்டிய மூன்று விடயங்கள் இருக்கின்றன. மூன்றிலும் ஆட்கள் வழுக்கி விழுந்ததைச் சட்டத்தரணியாக நான் என் தொழிலில் பார்த்திருக்கிறேன்.

முதலாவது எல்லை. உங்கள் கண் மதிலைத்தான் எல்லையாகக் காண்கிறது. கொழும்பில் பழைய மதில்கள் பல, எல்லைக்கோட்டின் மேல் அல்லாமல் ஒருவருடைய காணிக்குள் அரை அடி, ஓரடி தள்ளிக் கட்டப்பட்டவை. காணி உறுதிப் பத்திரத்தை எடுத்து, அதில் குறிப்பிட்டிருக்கும் நில அளவைப் படத்தின் இலக்கத்தையும் திகதியையும் பாருங்கள். படத்தின் பிரதி கையில் இருந்தால் மதில் யார் பக்கம் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். சந்தேகம் இருந்தால், உரிமம் பெற்ற நில அளவையாளர் ஒருவரைக் கொண்டு எல்லையை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவேளை அடிமரமே எல்லைக்கோட்டின் மேல் நிற்பதாகத் தெரிந்தால், அது இரு பகுதியாருக்கும் பொதுவான மரமாகி, நான் சொல்லும் பல விடயங்கள் மாறிவிடும்.

எல்லை உறுதியான பின் ஒரு சிறு வேலை செய்யுங்கள். மேசன்மார் பாவிக்கும் தூக்குநூலைக் கிளையிலிருந்து, குண்டு எல்லைக்கோட்டின் மேலே அசையாமல் நிற்கும்படி தொங்கவிட்டு, நூல் கிளையைத் தொடும் இடத்தில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டச் சொல்லுங்கள். கீழே நின்று பார்க்கும்போது எல்லையென்று நினைத்த இடத்துக்கும் நூல் காட்டும் இடத்துக்கும் இரண்டு அடி வித்தியாசம் இருப்பது சாதாரணம். அந்தத் துணி தெரியும்படி எடுத்த ஒரு நிழற்படம், பின்னர் எந்த மன்றத்திலும் உங்களுக்காகப் பேசும்.

இரண்டாவது அறிவித்தல். யாருக்கு அறிவிப்பது என்பதே உங்கள் விடயத்தில் யோசிக்க வேண்டியது. காணி பெரியவரின் பெயரில் இருந்து, அவர் இறுதி விருப்பாவணம் எழுதாமல் காலமாகியிருந்தால், பொதுச் சட்டத்துக்கு உட்பட்ட குடும்பத்தில் பாதி அவருடைய மனைவிக்கும் மீதி பிள்ளைகள் எல்லோருக்கும் சமமாகவும் போகும். அப்படியானால், உங்களை மிரட்டும் மகன் பல பங்காளிகளில் ஒருவர் மட்டுமே. அந்த அம்மையார் உயிரோடிருந்தால், கடிதத்தை முதலில் அவருடைய பெயருக்கும், பின்னர் மகனுடைய பெயருக்கும், ஏனைய உரிமையாளர்களுக்கும் என்று எழுதுங்கள். இருபத்தாறு வருடங்களாக மதிலுக்கு மேலால் பலாக்காய் கைமாறிய வீடுகள் அவை. மகனுக்குத் தெரியாத அந்தப் பழக்கம் தாய்க்குத் தெரிந்திருக்கும். கடிதத்தை நீங்களே கொண்டுபோய் அவரிடம் கொடுத்து, பிரதியைப் பதிவுத் தபாலில் அனுப்புவது நல்லது.

மூன்றாவது, உங்கள் மரம் பலா என்பது. மாமரமாகவோ வேம்பாகவோ இருந்திருந்தால் இந்தப் பந்தி தேவைப்பட்டிராது. மரம் வெட்டுதலைக் கட்டுப்படுத்தும் 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியன அனுமதிப்பத்திரமின்றி வெட்டக்கூடாத மரங்கள். சொந்த வளவில் நிற்பதாயினும் இதே விதிதான். அனுமதி கேட்க வேண்டிய இடம் பிரதேச செயலகம். வெள்ளவத்தை வாசிகளுக்கு அது திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகம். கிராம உத்தியோகத்தர் வந்து பார்த்து அறிக்கை கொடுப்பது வழக்கம். உங்களுக்கு வேண்டியது மரம் முழுவதையும் தறிப்பது அல்ல, இரண்டு கிளைகளை அகற்றுவதுதான். எனினும் பலாவைப் பொறுத்தவரை கிளை வெட்டுவதற்கும் முன்கூட்டியே கிராம உத்தியோகத்தரிடம் எழுத்தில் தெரிவித்து, பிரதேச செயலகத்தின் பதிலைப் பெற்றுக்கொண்டு இறங்குவதே புத்தி. கோபத்தில் இருக்கும் அயலவர் ஒருவர் முதலில் தூக்கிப் பிடிக்கக்கூடிய ஆயுதம் இதுதான். பலா எங்கள் நாட்டில் பஞ்ச காலத்தில் உயிர் காத்த மரம் என்பதையும் இங்கே சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. அதைக் காக்கும் சட்டத்தை ஒரு தொல்லையாகப் பார்க்காதீர்கள்.

இனி, பொலிஸ் மிரட்டலுக்கு வருகிறேன். அவர் பொலிசுக்குப் போகலாம். போனால் என்ன நடக்கும் என்பதுதான் கேள்வி. அறிவிக்காமல், அல்லது எல்லைக்கு அப்பால் கையை நீட்டி வெட்டினால், பிறருடைய சொத்துக்கு வேண்டுமென்று சேதம் விளைவித்தமை என்று தண்டனைச் சட்டக்கோவையின் 408ஆம், 409ஆம் பிரிவுகளின் கீழ் முறைப்பாடு செய்ய இடமிருக்கிறது. மதில் ஏறி அவருடைய வளவுக்குள் இறங்கி வெட்டினால் அத்துமீறல் குற்றச்சாட்டும் சேரும். கடிதம் அனுப்பி, காலம் கொடுத்து, எல்லையோடு நின்று செய்த வேலையின்மேல் இவை எளிதில் ஒட்டாது.

இந்த இடத்தில் மரம் வெட்டுபவரின் கைத்தொழிலும் சட்டமும் ஒன்றையொன்று தொடுகின்றன. பலாவின் பருத்த கிளையை மேலிருந்து மட்டும் அறுத்தால், பாதி அறுபட்டதும் கிளை தன் பாரத்தால் முறிந்து, கீழ்ப்பக்கப் பட்டையை நீளமாக உரித்துக்கொண்டு விழும். அந்த உரிவு எல்லையைத் தாண்டி அடிமரம் வரை போய்விடும். வெள்ளையாகப் பால் வடியும் அந்தக் காயத்தைப் படம் பிடித்துக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தவர் ஒருவர் உண்டு. வெட்டியவர் எல்லைக்குள்ளேதான் வாள் வைத்திருந்தார். ஆனால் மரம் எல்லைக்கு வெளியே காயப்பட்டிருந்தது. ஆகவே தொழில் தெரிந்தவரைக் கொண்டு, முதலில் கிளையின் கீழ்ப்பக்கத்தில் ஒரு வெட்டுப் போட்டு, பின்னர் மேலிருந்து அறுத்து, துண்டு துண்டாகக் கயிற்றில் கட்டி இறக்கச் சொல்லுங்கள். கிளை மின்கம்பிக்கு அருகில் போகிறதென்றால் எவரையும் ஏற்ற வேண்டாம். மின்சாரம் வழங்கும் நிறுவனத்துக்கு அறிவித்து இணைப்பைத் துண்டித்த பின்னரே வேலை தொடங்க வேண்டும்.

வெட்டிய கிளை யாருக்கு? மறுத்த உரிமையாளரின் விறகை வெட்டியவரே வைத்துக்கொள்ளலாம் என்று ரோமர் காலத்து விதி சொன்னாலும், அதை நம்பி இறங்காதீர்கள். பலாமரத்துக்கு நல்ல விலை உண்டு. கிளைகளை ஒழுங்காக அடுக்கி, "உங்கள் மரம், எடுத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதித் தெரிவியுங்கள். அவர் வேண்டாமென்றால் மட்டும் அப்புறப்படுத்துங்கள்.

காய்களைப் பற்றிய விடை உங்களுக்குக் கொஞ்சம் வருத்தம் தரக்கூடும். கிளையில் தொங்கும் காய் மரத்தின் உரிமையாளருக்கே சொந்தம், அது உங்கள் சமையலறைக்கு நேர் மேலே தொங்கினாலும். பெரியவர் பறிக்கச் சொன்னது அவருடைய அனுமதி. அந்த அனுமதியின் கீழ் நீங்கள் இத்தனை வருடமும் பறித்ததை எவரும் திருட்டென்று சொல்ல முடியாது. ஆனால் அனுமதியின் பேரில் அனுபவித்தது எத்தனை வருடமானாலும் உரிமையாக முற்றுவதில்லை. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் பேசும் பத்து வருடம், உரிமையாளருக்கு எதிராகத் தன்னுரிமையாக அனுபவித்தவருக்கே உதவும். மகன் வேண்டாமென்று சொன்ன நாளிலிருந்து பறிக்காதீர்கள். உங்கள் முற்றத்தில் விழுந்த காயை அவர் கேட்டு வந்தால் எடுத்துப்போக விடுங்கள். ரோமச் சட்டம் மரத்தின் உரிமையாளருக்கு அந்த வசதியைத் தனியாகவே கொடுத்திருந்தது. அவர் கேட்கவேயில்லை, காய் அழுகப்போகிறது என்றால், அதைச் சமைத்ததற்காக உங்களை எவரும் நீதிமன்றத்துக்கு இழுக்கப்போவதில்லை.

சருகு விடயத்தில் சட்டம் உங்கள் பக்கம் அதிகம் சாயாது. இலை உதிர்வது மரத்தின் இயல்பு. நகரத்தில் அருகருகே வாழ்பவர்கள் ஓரளவுக்கு ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பது அயலவர் சட்டத்தின் உயிர்நாடி. நான் மேலே குறிப்பிட்ட 1951ஆம் ஆண்டு வழக்கிலும், தெருவோர மரங்களின் இலை பீலியை அடைக்கிறது என்று வழக்காடியவர் வெற்றி பெறவில்லை. இதில் நீங்கள் கவலைப்பட வேண்டியது வேறொன்று. சருகு அடைத்த பீலியில் தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகினால், நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பொறுப்பு அந்த வீட்டில் இருப்பவருக்கே. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஏணி வைத்துப் பார்க்கும்போது, இலை அடுத்த வீட்டு மரத்தினுடையது என்ற விடை உங்களைக் காப்பாற்றாது. மழைக்கு முன் ஒருமுறை, மழைக்காலத்தில் கிழமைக்கொருமுறை பீலியைத் துப்புரவாக்குங்கள். அதற்குச் செலவான பணத்தின் பற்றுச்சீட்டை எறியாதீர்கள். நீதிமன்றம் தராவிட்டாலும் சமரசப் பேச்சில் அது பயன்படும்.

இப்போது கூரை. உங்கள் கேள்விகளில் மிகவும் பாரதூரமானது இதுதான், கடிதத்தின் முழுப் பெறுமதியும் இங்கேதான் தெரியவரும். ஒருவருடைய மரத்திலிருந்து ஏதோ விழுந்து உங்களுக்கு நட்டம் வந்துவிட்டது என்பது மட்டும் நட்டஈட்டுக்குப் போதாது. அவருடைய கவனயீனத்தால் வந்தது என்று நீங்கள் காட்ட வேண்டும். அதாவது, இப்படி நடக்கலாம் என்பதை அவர் முன்கூட்டியே அறிந்திருந்தார் அல்லது அறிந்திருக்க வேண்டும். அதைத் தடுக்க நியாயமான ஒருவர் செய்திருக்கக்கூடியதை அவர் செய்யவில்லை. அதனாலேயே கூரை உடைந்தது என்ற மூன்றும் வேண்டும். முதல் காய் விழுந்தபோது, "எனக்கு எப்படித் தெரியும், அது இயற்கையின் செயல்" என்று அவர் சொல்ல இடமிருந்தது. பருத்த பலாக்காய் கூரைக்கு மேலே தொங்கினால் ஒருநாள் விழும் என்பது கண்ணுக்குத் தெரிந்த உண்மை என்று நான் வாதாடுவேன். ஆயினும் அது வாதம்தான். நீங்கள் எழுதிக் கொடுத்து, அவர் பெற்றுக்கொண்ட மறுநாளிலிருந்து நிலைமை முற்றாக மாறிவிடுகிறது. அதன் பின் விழும் ஒவ்வொரு காயும், முறியும் ஒவ்வொரு கிளையும் அவர் அறிந்திருந்தும் விட்டுவிட்டதன் விளைவாகிறது. இயற்கையின் தலையில் அதைக் கட்ட முடியாது.

நட்டஈட்டு வழக்குக்குக் காலவரையறை இரண்டு வருடம். அதே 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. உடைந்த தகடுகளை மாற்றும் முன் படம் எடுத்தீர்களா? எடுக்காவிட்டால், கழற்றிய துண்டுகள் இன்னும் பின்வளவில் கிடந்தால் அவற்றையாவது படம் எடுங்கள். தகடு வாங்கிய கடைப் பற்றுச்சீட்டையும், மேசன் கையெழுத்திட்ட கூலித் துண்டையும் ஒரு கோவையில் போடுங்கள். இரண்டு தகட்டுக்காக மாவட்ட நீதிமன்றத்துக்குப் போவதை நான் ஊக்குவிக்கமாட்டேன். ஆனால் கேட்காமல் விடவும் வேண்டாம்.

மதில் வெடிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எல்லை தாண்டும் வேருக்கும் கிளைக்குரிய அதே விதிதான். ஆனால் வெடிப்புக்குக் காரணம் வேர்தான் என்பதை நிரூபிப்பது கடினம். கடற்கரைப் பக்கத்து மணல் நிலத்தில் பழைய மதில் வேர் இல்லாமலும் வெடிக்கும். மதிலடியில் ஓரிடத்தில் தோண்டி, வேர் அத்திவாரத்தின் கீழ் போகிறதா என்று பொறியியலாளர் ஒருவர் பார்த்து எழுதித் தந்தால் பேசலாம். நீங்களாகத் தடித்த வேரை வெட்டிவிடாதீர்கள். ஒருபக்க வேர் அறுந்த மரம் காற்றில் எந்தப் பக்கம் சாயும் என்று எவராலும் சொல்ல முடியாது. வேருக்கு உப்பு, அமிலம் ஊற்றும்படி ஆலோசனை சொல்பவர்கள் உங்கள் ஒழுங்கையிலும் இருப்பார்கள். அப்படிச் செய்தால், இதுவரை நியாயம் உங்கள் பக்கம் இருந்தது என்பதே மறைந்துபோகும்.

கடிதத்துக்கும் பதில் வராவிட்டால், அடுத்த படி மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இந்தச் சபைகள் பெரும்பாலும் வார இறுதியில், பாடசாலை போன்ற பொது இடங்களில் கூடுகின்றன. சட்டத்தரணிகள் அங்கே உங்களுக்காகத் தோன்ற முடியாது. நீங்களும் அடுத்த வீட்டாரும் நேரடியாகவே பேசவேண்டும். சட்டத்தரணியாகிய நானே சொல்கிறேன், இத்தகைய பிணக்குக்கு அது நல்லதே. குறித்த பெறுமதிக்கு உட்பட்ட பிணக்குகளில், இணக்கம் ஏற்படவில்லை என்ற சபையின் சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றம் வழக்கை ஏற்காது. ஆகவே சபை என்பது எப்படியும் ஏற வேண்டிய படிதான். அங்கே எழுதிக் கையெழுத்திடும் இணக்கத்தில், எந்தக் கிளை, எந்த இடத்தில், எந்தத் திகதிக்குள், யாருடைய செலவில், பிரதேச செயலகத்தில் விண்ணப்பிப்பது யார் என்பவற்றைத் தெளிவாகச் சேர்க்கச் சொல்லுங்கள். "கிளைகளை வெட்டித் தருவேன்" என்ற ஒரு வரி இணக்கம் அடுத்த பலாப் பருவத்தில் மறுபடியும் சண்டையாகும்.

சபையிலும் முடியாவிட்டால், கிளைகளை அகற்றக் கட்டளையிடும்படியும் நட்டஈடு கேட்டும் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். உங்கள் நிலையில், மறுப்பும் மிரட்டலும் இருக்கும்போது, சட்டம் தரும் சுயமாக வெட்டும் உரிமையைப் பிடித்துக்கொண்டு வாளோடு இறங்குவதைவிட இந்த வழியில் போவதையே நான் விரும்புவேன். மரத்தில் ஆள் ஏறி நிற்கும் நேரத்தில் மதிலின் இருபக்கமும் குரல் உயர்ந்தால் என்ன நடக்கும் என்பதை நினைத்தே இதைச் சொல்கிறேன்.

ஆனால் ஒரு விடயத்தில் இந்தப் படிகள் எதற்காகவும் காத்திருக்கக்கூடாது. மரத்தையோ கிளையையோ அருகில் போய் நன்றாகப் பாருங்கள். கவட்டில் வெடிப்பு, உளுத்த பொந்து, அடியில் காளான், வேர்ப்பக்கத்து மண் எழும்பியிருத்தல் ஆகியவற்றில் ஏதாவது தெரிந்தால், அது இரு வீட்டுப் பிணக்கு என்ற நிலையைத் தாண்டிவிட்டது. விழக்கூடிய நிலையிலுள்ள மரம் அயலில் வசிப்பவர்களுக்கோ வழியால் போகிறவர்களுக்கோ காயம் விளைவிக்கக்கூடும் என்று நீதவானுக்குத் தகவல் கிடைத்தால், 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின் கீழ், அதை அகற்றவோ தாங்குகொடுக்கவோ உரிமையாளருக்கு நிபந்தனைக் கட்டளை பிறப்பிக்கலாம். மாநகர சபைக்கும் பொலிசுக்கும் ஒரே நாளில் எழுத்தில் அறிவியுங்கள். தமிழிலேயே எழுதலாம், அது அரசியலமைப்புத் தந்த உரிமை. 2023ஆம் ஆண்டு ஒக்டோபர் 6ஆம் திகதி காலை, கொள்ளுப்பிட்டியில் மழைக்குள் போய்க்கொண்டிருந்த பஸ்ஸின் மேல் பெரிய மரமொன்று விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். அந்த இடம் உங்கள் வீட்டிலிருந்து காலி வீதியால் சில நிமிடத் தூரம்தான். வைகாசியில் தென்மேல் பருவக்காற்று கடலிலிருந்து நேராக அடிப்பது உங்கள் ஒழுங்கைக்குள்ளேதான். அதற்குள் இந்தப் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். அதுவரை, கிளைக்கு நேர் கீழே இருக்கும் அடுப்பைச் சமையலறையின் மறுபக்கத்துக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள்.

கடிதத்துக்குச் சட்டத்தரணி தேவையில்லை. முதல் கடிதம் சட்டத்தரணியின் தாளில் போனால் அந்த வீட்டார் தாங்களும் ஒருவரைத் தேடுவார்கள். ஆசிரியையாகிய உங்கள் கையெழுத்தில் போவதே பொருத்தம். ஏறக்குறைய இப்படி எழுதுங்கள்:

"உங்கள் வளவில் நிற்கும் பலாமரத்தின் இரண்டு கிளைகள் எமது எல்லையைத் தாண்டி, சமையலறைக் கூரைக்கு மேலே நீண்டிருக்கின்றன. எல்லை வரும் இடத்தில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறோம், நிழற்படம் இணைத்திருக்கிறோம். இன்ன திகதியில் காய் விழுந்து கூரைத்தகடுகள் இரண்டு உடைந்தன, திருத்தச் செலவு இவ்வளவு. மீண்டும் விழுந்தால் உயிராபத்து நேரலாம் என்பதை உங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம். கூரைக்கு மேலுள்ள காய்களை ஒரு வாரத்துக்குள் இறக்கிவிடும்படியும், தேவையான அனுமதியைப் பெற்று முப்பது நாட்களுக்குள் கிளைகளை எல்லை வரை அகற்றும்படியும் கேட்டுக்கொள்கிறோம். வேலை நடக்கும் நாளில் எமது பக்கத்து வளவைப் பயன்படுத்தவும், கிளைகளை இறக்கவும் முழு ஒத்துழைப்புத் தருவோம். மரத்தைத் தறிக்க வேண்டுமென்று நாம் கேட்கவில்லை."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். தகப்பன் நட்ட மரத்தை அயலவர் அழிக்கப் பார்க்கிறார் என்ற எண்ணம்தான் அந்த மகனைப் பேச வைத்திருக்கக்கூடும். அவர்கள் வீட்டில் வாசிக்கும் மொழி சிங்களமாயின், சிங்களப் பிரதியையும் அதே உறைக்குள் வையுங்கள். அனுப்பிய கடிதத்தின் பிரதியையும் பதிவுத் தபால் பற்றுச்சீட்டையும் காணி உறுதி இருக்கும் கோவைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். முப்பது நாள் கழித்துப் பதில் வராவிட்டால், அந்தக் கோவையோடு என்னையோ, உங்களுக்கு அருகிலுள்ள வேறொரு சட்டத்தரணியையோ சந்தியுங்கள்.